வெள்ளி மாலை, சிவப்பு விளக்கு

மச்சான்,

இன்று பசாரில் பூ விற்கும் அக்காவிடம் மல்லிகை ஒரு முழம் கேட்டேன். வாழையிலையில் சுற்றிக்கொண்டே, பக்கத்துக் கடைக்கும் கேட்கும்படி, "முன்னெல்லாம் மூணு முழத்துல குண்டு மாலையா வாங்குவாரு தவுக்கே. காசு சேரச் சேர கை சுருங்குது பாரு" என்றாள். வெங்காய மூட்டை நாலு அடுக்கி வைத்திருந்தால் போதும், இந்த ஊரில் எல்லாரும் தவுக்கேதான், முதலாளிதான். காசைக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். கை ஏன் சுருங்கியது என்று அவளுக்கு விளக்க ஆரம்பித்தால் கடையைத் திறக்க நேரமாகிவிடும்.

சாயந்தரம் பூவைக் காரின் முன்சீட்டில் வைத்துக்கொண்டு ஜாசின் கடையிலிருந்து புக்கிட் காத்தில் வீடு வரைக்கும் ஓட்டி வந்தேன். கார் முழுக்க மல்லிகை வாசம். வழியில் சிவப்பு விளக்கு விழுந்த ஒவ்வொரு இடத்திலும் உன் ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற லாரிக்காரன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

நீ போய் எட்டு மாதமாகிறது. உனக்குத் தெரியாத கதை எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் இந்தக் கதையை நீ உன் ஊர் புலாவ் செபாங் முழுக்கச் சொல்லித் திரிந்ததில் பாதி உன் சொந்தச் சரக்கு. நான் நாற்காலியில் ஏறி அழுதேன் என்றெல்லாம் சேர்த்திருக்கிறாய். அதனால் நடந்ததை நடந்தபடி நானே ஒரு முறை எழுதி வைக்கிறேன்.

மோட்டார் சைக்கிளில் இரண்டு கூடை காய்கறி கட்டித் தோட்டம் தோட்டமாக விற்றவன், மொத்த வியாபாரம் வரைக்கும் வந்தேன். யார் உதவியும் இல்லாமல் வந்தேன் என்பது என் பெருமை. யாரிடமும் உதவி கேட்கத் தெரியாமல் போனது அதனால் வந்த வியாதி. சில வருடங்களுக்கு முன் ஒரு பேரங்காடி நிறுவனத்தார் தங்கள் கிளைகளுக்கெல்லாம் என்னிடம் வெங்காயமும் பருப்பும் மிளகாயும் எடுக்க ஒப்புக்கொண்டார்கள். அதை நம்பி இரண்டு பேரை வேலைக்கு வைத்தேன். சின்னக் கடைகள் சிலவற்றுக்குக் கொடுப்பதை நிறுத்தினேன். அவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குள் அடுத்த வாரச் சரக்கை அவர்களுடைய வலைத்தளத்தில் உறுதி செய்ய வேண்டும். மூன்று முறை தவறினால் பெயர் பட்டியலிலிருந்து தானாக விழுந்துவிடும். ஆளாக இருந்தால் காலைப் பிடிக்கலாம். வலைத்தளத்துக்குக் கால் ஏது?

கடையில் எலித் தொல்லை. ஆகவே கணினியை வீட்டுக் கூடத்தில், மகாலட்சுமி படத்துக்குக் கீழே வைத்தேன். மோடமும் அங்கேயே. ஜன்னல் வழியாக வந்த மெல்லிய வெள்ளை ஒயர் தொங்கினால் லட்சணமாக இல்லை என்று அதைப் படத்தின் ஆணியில் சுற்றிவிட்டவனும் நானேதான். முதல் ஆர்டர் வந்த நன்றிக்கு, அதுவரை உதிரிப்பூ மட்டும் வைத்த படத்துக்கு, வெள்ளிக்கிழமைதோறும் மல்லிகை மாலையாகவே போட ஆரம்பித்தேன்.

அப்புறம்தான் தொல்லை பிடித்தது. லைன் போகும், மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும். இணைய நிறுவனத்துப் பையன் மறுநாள் பிற்பகல் வருவான். அவன் படியேறும்போது லைன் தானே சரியாகி, பச்சை விளக்கோடு கைகட்டி நிற்கும். "லைன் நல்லாத்தானே லா இருக்கு அங்கிள்" என்பான். என் பிடுங்கல் தாங்காமல் மோடத்தையும் மாற்றிக் கொடுத்தான். கணினியைப் பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து மறுபடி ஏற்றினேன். நாலு கொம்பு வைத்த ஒரு பூஸ்டர் வாங்கினேன். கைபேசி வழியாகச் செய்யலாம் என்றால் எங்கள் கூடத்தில் அதற்குச் சிக்னல் ஒரு கோடுதான். பக்கம் பாதியில் நின்றுவிடும். கமலா, "கண்ணு பட்டிருக்கு" என்று மோடத்தின் இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தாள். என் பங்குக்கு நான் மாலையைப் பெரிதாக்கினேன். ஒன்றரை முழம் இரண்டாகி, இரண்டு மூன்றாகியது. கிளைகளின் சரக்குப் பட்டியல் பூசைக்கு முன்பே வந்த வாரங்களில் தப்பித்தேன். ஏழு மணிக்கு மேல் வந்த வாரங்களில் மாட்டினேன். இரண்டு முறை தவறிவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்று.

அப்போதுதான் உன்னை அழைத்தேன். நீ ரயில்வே சிக்னல் பிரிவில் ஆயுசைக் கழித்து ஓய்வு பெற்றவன். கணினி என்ற ஒன்றை விரலால் தொட்டதே இல்லை. உன்னிடம் உதவி கேட்கவில்லை, புலம்பத்தான் செய்தேன்.

"எப்போ போவுது?" என்றாய்.

"அடிக்கடி போவுது லா."

"அடிக்கடின்னு கடியாரத்துல ஒரு மணி இல்ல. போன நேரம், வந்த நேரம், ரெண்டயும் எழுதி வையி. வேற எதயும் நோண்டாத."

எரிச்சலாக இருந்தது. ஆனாலும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதினேன். பட்டியல் சீக்கிரம் வந்து தப்பித்த மூன்று வாரங்கள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு, மழைக்கோட்டோடு நீ வந்து இறங்கினாய். வழியில் வாங்கிய பீசாங் கோரேங் வாழைப்பழ பஜ்ஜிப் பொட்டலத்தைக் கமலாவிடம் கொடுத்து, "சூடு ஆறறதுக்குள்ள தின்னு தங்கச்சி, உம் புருசனுக்கு வேணாம், அவன் டென்ஷன்ல இருக்கான்" என்றாய். திருப்புளியாவது கொண்டுவந்திருப்பாய் என்று பார்த்தேன். பைக்குள் ஒரு பென்சில்தான் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியை மோடத்துக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய்.

"என்னா செய்யப் போற?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன். வண்டி வர்ற வரைக்கும் ஸ்டேஷன்ல உக்கார்றதில்லையா, அந்த மாதிரி. நீ வெள்ளிக்கிழம என்னென்ன செய்வியோ ஒண்ணு விடாம செய்யி. நான் இங்க இல்லன்னு நெனச்சிக்க."

"இன்னிக்குப் போச்சுன்னா எம்பேரே போயிரும்டா."

"அதனாலதான் சொல்றேன். செய்யி."

குளித்தேன். வேட்டி கட்டினேன். சாம்பிராணி போட்டு வீட்டைச் சுற்றி வந்தேன். புகைக்கு நடுவே நீ அந்தச் சின்ன விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் இருமினாய். ஏழு மணி தாண்டியதும் பட்டியல் வந்து விழுந்தது. பூசை நேரமும் அதுதான், முதலில் சாமிக்கு என்று முக்காலியில் ஏறி, மூன்று முழ மாலையை ஆணியில் மாட்டினேன். இறங்கக்கூட இல்லை.

"வந்திருச்சி" என்றாய், நீ எதிர்பார்த்த வண்டி வந்துவிட்ட மாதிரி.

சிவப்பு. பாதி திறந்த பக்கம் அப்படியே உறைந்து நின்றது.

நீ எழுந்து என் நோட்டை எடுத்து, எழுத்துக்கூட்டுகிற பிள்ளை போல உரக்க வாசித்தாய். "வெள்ளி மாலை போனது. சனி மதியம் வந்தது. வெள்ளி மாலை போனது. சனி மதியம் வந்தது." பென்சிலால் சுவரைக் காட்டினாய். "நீயே எழுதி வச்சிருக்கியேடா. வெள்ளி மாலை. சாயந்தரம்னு எழுதியிருந்தா எனக்கே பிடிபட்டிருக்காது. எறக்கு."

"எத?"

"மாலைய."

எனக்குக் கோபம் வந்த வேகத்தை நீ ஊரில் சரியாகத்தான் சொன்னாய். அதில் பொய் இல்லை. "சாமி மாலைய எறக்கச் சொல்ற? அவ குடுத்ததுதான்டா இந்த ஆர்டரே" என்று கத்தினேன். நீ கத்தவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் முப்பத்தஞ்சு நிமிசம் இருக்கு. பத்து நிமிசம் கத்து, அப்பறம் எறக்கு" என்றாய். என்னால் கை வைக்க முடியவில்லை. கமலாதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முக்காலியில் ஏறினாள். "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீங்க கம்ப்யூட்டருல போயி உக்காருங்க" என்று மாலையை எடுத்துப் படத்தின் காலடியில், தட்டில் வைத்தாள்.

விளக்கு அணைந்தது. ஒரு முறை சிமிட்டியது. பச்சையாகி நின்றது.

ஆறு கிளைக்கும் சரக்கை உறுதி செய்து, ஏற்றுக்கொண்டோம் என்று திரையில் வந்தபோது எட்டு மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. கணினியை விட்டு எழுந்தேன். நீ அப்போதும் விடவில்லை.

"இப்ப திரும்பப் போடு."

"பைத்தியமா உனக்கு?"

"ஒருக்கா சரியானா அது ராசி. வேணும்னே கெடுத்து வேணும்னே சரியாக்கினாத்தான்டா கண்டுபுடிச்சதா அர்த்தம்."

போட்டேன், சிவப்பு. எடுத்தேன், பச்சை. மறுபடி போட்டேன், சிவப்பு. மூன்றாவது முறை கமலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் நாம் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

நீ ஒயரைத் தடவிக் காட்டினாய். "இதுக்குள்ள செம்புக் கம்பி இல்ல, கண்ணாடி நூலு. வெளிச்சந்தான் ஓடுது. ஒடிக்கிற மாதிரி மடிச்சா வெளிச்சத்துக்குத் திரும்பத் தெரியாது. நாங்க ரயில்ல கடைசியா இதத்தான் போட்டோம், ஒருத்தனயும் கிட்ட விடமாட்டோம். நீ ஆணியில சுத்துனது மட்டும் இருந்தா தாங்கியிருக்கும். அதுக்கு மேல ஈரப் பூவ மூணு முழம் ஏத்துன பாரு."

"அப்ப சனிக்கிழம எப்படி வந்துச்சு?"

"பூ வாடுனா பாரம் கொறையுமில்ல. உனக்குப் பூ வாடினா லைன் மலருது."

அந்தப் பையன் பிற்பகலில் வரும்போதெல்லாம் பச்சை எரிந்த மர்மம் அவ்வளவுதான். பூஸ்டர் வாங்கினேன், மோடம் மாற்றினேன், லைன் கெடக் கெட மாலையைப் பெரிதாக்கினேன், மாலை பெரிதாகப் பெரிதாக லைன் கெட்டது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவன் சொந்த ஆணியைப் பார்க்கவில்லை. கிளம்பும் முன், பின்பக்கம் கிடந்த ஒரு தண்ணீர்க் குழாய்த் துண்டை நீளவாக்கில் பிளந்து ஒயருக்குச் சட்டை மாட்டிவிட்டு, வேறு பக்கமாக வளைத்துக் கொண்டுபோனாய். கமலா, "அம்மாவுக்கு ஒரு முழம் போதுமாம், சொல்லிட்டா" என்றாள். அன்றிலிருந்து ஒரு முழம்தான்.

அந்தப் பேரங்காடி வியாபாரம் இன்னும் ஓடுகிறது. 'மாலை தவுக்கே' என்று நீ வைத்த பெயரும் ஓடுகிறது. என் மகன் கல்யாணத்தில், மாப்பிள்ளையும் பெண்ணும் மாலை மாற்றிக்கொள்ளும் நேரம், நாதஸ்வரம் மூச்சு வாங்கிய இடைவெளியில், "பாத்து லா, லைன் போயிரும்" என்று நீ சொன்னது மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. வீடியோவிலும் பதிவாகியிருக்கிறது. மருமகள் அதை மட்டும் தனியாக வெட்டி வைத்திருக்கிறாள்.

உன் கேள்வியை நான் வியாபாரத்துக்கும் எடுத்துக்கொண்டேன். மூட்டையில் வெங்காயம் அழுகுகிறது என்று லாரி டிரைவரை வாரக்கணக்கில் வைதிருக்கிறேன். உன் ஞாபகம் வந்து எப்போது அழுகுகிறது என்று எழுதிப் பார்த்தேன். மழை பெய்த நாளுக்கு மறுநாள் மட்டும், அதுவும் பின்கதவுப் பக்கத்து அடுக்கில் மட்டும். டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் மன்னிப்புக் கேட்பேன் என்று நீயே நம்பியிருக்க மாட்டாய்.

உன் பதினாறாம் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீ மட்டும்தான் அதைப் பார்க்கவில்லை.

உன் சின்ன மகளுக்குக் குச்சிங்கில் பிரசவம் நெருங்கியிருந்தது. விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா காரியத்தைக் கணினியிலாவது பார்க்கிறேன் என்று விடியற்காலையிலிருந்து திரை முன்னால் உட்கார்ந்திருந்தாள். பண்டாரம் காரியத்தை ஆரம்பிக்கும் நேரம் பார்த்து லைன் போனது. உன் வீட்டில், நான் வற்புறுத்தி வாங்க வைத்த அதே மாதிரி மோடம். ஆளாளுக்கு ஓடினார்கள். ஒருவன் சுவிட்சைத் தட்டினான், ஒருவன் கணினியை அணைத்துப் போட்டான். உன் மனைவி, "பிள்ள பாக்காம எப்படி ஆரம்பிக்கிறது" என்று முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் அவளிடம் போய்க் கேட்டேன். "எப்போ போச்சு தங்கச்சி?"

அவள் யோசித்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க மாலையப் போட்டீங்களேண்ணே. அப்பத்தான்."

உனக்கென்று மலாக்கா டவுனில் சொல்லிவைத்துக் கட்டிய மாலை. அங்கிருந்ததிலேயே பெரியது. உன் படத்தைத் தாண்டி, மேசையைத் தாண்டி, பின்னால் போன ஒயரின் மேல் கிடந்தது. மோடத்தில் சிவப்பு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மச்சான். பதினாறாம் நாள் வீட்டில் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. உன் மனைவிக்கும் புரிந்துவிட்டது. "மாலை தவுக்கே" என்று அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம் கதை தெரிந்தவர்கள் எல்லாரும். நான் மாலையைத் தூக்கிப் பிடித்தேன். விளக்கு சிமிட்டிப் பச்சையானது. திரையில் உன் மகள் முகம் வந்து, எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துக் குழம்பி, "என்னாச்சு மாமா?" என்றாள். "உங்கப்பா வந்துட்டுப் போனாரும்மா" என்றேன். காரியம் முடியும் வரைக்கும் ஒயர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், நீ உட்கார்ந்த மாதிரி. அவள் கடைசி வரைக்கும் பார்த்தாள். பேரன் பிறந்து இப்போது தவழ்கிறானாம்.

இன்றும் சாம்பிராணி போட்டேன். முக்காலியில் ஏறி ஒரு முழத்தை மாட்டினேன். இறங்கும் முன் திரும்பி மோடத்தைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. பச்சை.

"வண்டி போலாம்" என்றேன்.

சமையலறையிலிருந்து கமலா கேட்டாள், "யாருகிட்ட பேசுறீங்க?"

"உங்க அண்ணன்கிட்ட" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.