மூன்றும் சேவலாக

ஜூன் 9, திங்கள்

காலை எட்டு மணிக்கே அனல். வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சூப்பர்வைசருக்கு மெசேஜ். காய்ச்சல் எல்லாம் இல்லை. துரையின் இறகு கிடைத்துவிட்டது.

தேவகி அக்கா வீட்டுக் குப்பைப் பையைத் தெரு நாய் கிழித்து எங்கள் வாசல் வரை இழுத்து வந்திருந்தது. வெங்காயச் சருகு, இஞ்சித் தோல், நடுவில் ஒரு கொத்து இறகு. கழுத்து தேன் நிறம். வால் கறுப்பு, வெயிலில் பச்சையாக மின்னும். மணவாள நகரில் இந்த நிறத்தில் வேறு சேவல் கிடையாது. பேண்டம் சேவல். முழுசாக வளர்ந்த பிறகும் என் இரண்டு கைக்குள் அடங்குவான். நடை மட்டும் கலெக்டர் நடை, அதனால்தான் துரை என்று பெயர்.

சனிக்கிழமை நான் காக்களூரில் ஷிஃப்ட் முடித்து வந்தபோதே காணவில்லை. பூனை தூக்கிவிட்டது என்று நினைத்து அழுதேன். ஞாயிறு மதியம் சுவருக்கு மேலே கிண்ணம் வந்தது. தேவகி அக்கா என் ஓரகத்தி, இவருடைய அண்ணி. மாமனார் கட்டிய ஒரே வீட்டை இரண்டாக்கி நடுவில் ஒரு சுவர். ஞாயிறு அவள் கறி சமைத்தால் எங்களுக்கு ஒரு கிண்ணம் உண்டு. மிளகு தூக்கலாக, நல்ல குழம்பு. இரண்டு தரம் ஊற்றிச் சாப்பிட்டேன். எலும்பு சின்னதாக இருக்கிறதே, காடையோ என்றுகூடக் கேட்டேன். போதாததற்குச் சுவரில் எட்டி, "சூப்பரா இருந்திச்சிக்கா" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

என் சேவலை எனக்கே ஊற்றிக் கொடுத்திருக்கிறாள்.

மதியத்திலிருந்து இரண்டு முறை வாந்தி.

சாயங்காலம் இவரிடம் இறகைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். "வுடு கோமளா, போனது போச்சி. அண்ணி கிட்ட ஒன்னியும் கேக்காத. பேஜாரா பூடும்." எப்போதும் அண்ணி பக்கம்தான்.

கேட்கப்போவதில்லை. கேட்டால் அழுவாள். அவள் அழுதால் தெருவில் நான்தான் ராட்சசி. வேறு வழி பார்க்க வேண்டும்.

ஜூன் 11, புதன்

கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுத்தேன். ஒரு பிடி சர்க்கரை இல்லை, இரண்டு பச்சைமிளகாய்கூட இல்லை. இப்படி வெறும் பாத்திரம் திருப்பியதே இல்லை. முகம் சுண்டும் என்று சுவரோரம் நின்று பார்த்தேன். "கய்வியே குடுத்துட்டியா? நல்ல வேளை, என் ஊட்ல சொட்டுத் தண்ணி இல்ல" என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனாள்.

கம்பெனியில் பாட்டில் மூடியில் பழுது பார்த்து ஒதுக்கும் வேலை ஓடவில்லை. லைன் இன்சார்ஜ் வந்து, "இன்னாக்கா, இன்னிக்கி நல்ல பீஸையும் ரிஜெக்ட்ல போட்டுக்கினு கீற?" என்றான். போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அவளுக்குச் செய்ய யோசித்தவை:
துணி காயும் நேரத்தில் குப்பை எரிப்பது. (எனக்குத்தான் இருமல் வரும்.)
பேச்சை நிறுத்துவது. (அவளுக்கு நிம்மதி.)
மூத்தாரிடம், அதாவது அவள் புருஷனிடம் சொல்வது. (லாரியில் எங்கோ ஒடிசாவில் இருக்கிறார்.)
மறுபடியும் பேண்டம் வாங்குவது. சேவல். ஒன்று இல்லை, மூன்று. அவள் தலைவைத்துப் படுக்கிற சுவருக்கு இந்தப் பக்கம் கூண்டு. விடியற்காலை நாலு மணியிலிருந்து. தினமும்.

கடைசியாக எழுதியதுதான்.

ஜூன் 14, சனி

திருவள்ளூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒருவன் கூடையில் குஞ்சு. பச்சை, ரோஸ், ஊதா. "பேண்டமா?" என்றேன். "ஆமாக்கா, ஃபாரின் பேண்டம்." ஒன்றைத் தூக்கினேன், விரலெல்லாம் ரோஸ். பிராய்லர் குஞ்சுக்குச் சாயம். கண்ணைக்கூடத் திறக்க முடியாமல் கிடந்தது. அவனைத் திட்டிய திட்டில் பாதி தேவகி அக்காவுக்குப் போக வேண்டியது.

வாட்ஸ்அப் குரூப்பில் இன்னொருவன். அழகான போட்டோ, முன்பணம் கேட்டான். கூண்டைச் சுற்றி ஒரு வீடியோ அனுப்பு தம்பி என்றேன். ஆளைக் காணோம். போட்டோவில் தரையெல்லாம் வெள்ளையாக உறைபனி. திருவள்ளூரில் எங்கே பனி?

அதே குரூப்பில் ஒரு பெண் நல்ல விலாசம் ஒன்று கொடுத்தாள். கும்மிடிப்பூண்டியில் ரமணய்யா என்று ஒருவர், ரோலிங் மில்லில் வேலை பார்த்துக்கொண்டே மொட்டை மாடியில் வளர்க்கிறாராம். பொய் பேச மாட்டாராம். போன் செய்தேன். ஒருநாள் குஞ்சு வேண்டாம்மா, அதில் ஆண் பெண் யாராலும் சொல்ல முடியாது, இரண்டு மாதக் குஞ்சு எடு, கொண்டை காட்டிக்கொடுத்துவிடும் என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

பெரியபாளையம் வழியாக பைக்கில். கும்மிடிப்பூண்டி நெருங்கும்போதே இரும்பு உருக்கும் வாடை. ரமணய்யா வீட்டுச் சந்தில் லாரிச் சத்தத்தையும் மீறிக் கூவல் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

மாடியில் கம்பி வலைக் கூண்டுகள், அத்தனை சுத்தம். "வா நைனா, வாம்மா. டப்பு அப்பால பேசலாம், மொதல்ல பறவையப் பாருங்க."

இவர் முந்திக்கொண்டார். "ரெண்டு பொட்டை போதும்பா. முட்டையாவது போடும்."

"மூணு. மூணும் சேவல்" என்றேன்.

ரமணய்யா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாம்மா சொல்ற? ஊரே பொட்டைக்கி அலையுது. சேவல எவனும் சீண்டல. வாங்கினு போனவனே சத்தம் தாங்கலன்னு திருப்பியாந்து வுடறான்."

"அந்தச் சத்தம்தான் வேணும்."

இவர், "உனக்கு இன்னா பைத்தியமா?" என்றார். நான் காதில் வாங்கவில்லை. "இதுங்க அப்பன் எது?" என்று கேட்டேன். மேல் தட்டில் சிவப்பாக ஒருவன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அவன் குரல கேக்கணும்."

"நான் சொன்னா கூவுவானாம்மா?" என்று சிரித்தவர், பக்கத்துக் கூண்டிலிருந்து வேறொரு சேவலைத் தூக்கி அவன் முகத்துக்கு நேரே காட்டினார். கூவினான் பாருங்கள். காதில் ஊக்கு குத்தினது போல. அந்த உள்ளங்கை உடம்பில் அவ்வளவு குரலை எங்கே வைத்திருக்கிறான் தெரியவில்லை. இன்னொரு முறை கேட்டேன். திருப்தி.

குஞ்சுகளைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். கொண்டை சிவக்க ஆரம்பித்தால் சேவல், மஞ்சளாகவே நின்றால் பெட்டை. கால் தடிமன். கையை நீட்டினால் பெட்டை பதுங்கும், சேவல் நிமிர்ந்து நின்று முறைக்கும். முறைத்த மூன்றை எடுத்தேன். வெள்ளைக்கழிச்சல் நோய்க்குச் சொட்டு மருந்து போட்டாயிற்றாம். கம்பும் குருணையும் கலந்து கொடு, தண்ணீர் தினமும் மாற்று, மூன்றையும் தனித்தனியாக வை, இல்லாவிட்டால் வெட்டிக்கொண்டு சாகும் என்றார்.

திரும்பும்போது ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி என் மடியில். இவர் வழியெல்லாம் முணுமுணுப்பு. "ஒன்னு ரெண்டு பொட்டை வாங்கியிருக்கலாம்." பெட்டிக்குள்ளிருந்து ஒருவன் ஓட்டை வழியாக என் விரலைக் கொத்தினான். நல்ல கோபக்காரன்.

ஜூன் 29, ஞாயிறு

மூன்று கூண்டும் சுவரோரம் வைத்தாயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கட்டில். கூண்டுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினேன், சத்தம் அவள் ஜன்னலுக்கு நேராகப் போகட்டும்.

தேவகி அக்கா எட்டிப் பார்த்து, "ஐயோ, இன்னா அயகா கீது! கடக்குட்டிய என் கைல குடேன்" என்றாள். கொடுக்கவில்லை. சளி இருக்கிறது, கையாளக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அந்தக் கையைப் பார்த்தாலே எனக்கு அரிவாள்மணை ஞாபகம்.

கடைக்குட்டி மட்டும் சாயங்காலத்தில் என் கையிலேயே தூங்கிவிடுகிறான். கொஞ்ச நேரம் எதற்கு வாங்கினேன் என்பதே மறந்துவிடுகிறது. அப்புறம் ஞாபகம் வந்துவிடும்.

ஜூலை 27, ஞாயிறு

முதல் கூவல்! பெரியவன். பாதியில் உடைந்து, தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி வந்தது. ஆனாலும் கூவல்தான். தேவகி அக்கா காதில் விழுந்ததா என்று பார்த்தால் ஆடிக் கூழ், அம்மன் கோயில் ஸ்பீக்கர் நேற்றிலிருந்தே அலறுகிறது. தெருவில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. என் நேரம்.

ஆகஸ்ட் 2, சனி

மூவரும் தேறிவிட்டார்கள். பெரியவன் ஆரம்பித்தால் நடுவில் உள்ளவன் பதில் சொல்கிறான், கடைக்குட்டி முடித்துவைக்கிறான். நாலு மணிக்குத் தொடக்கம். பகலிலும் விடுவதில்லை. எதிர்வீட்டுக்காரர் ஜாடையாகக் கேட்டுவிட்டார். கடைசி வீட்டுக் கிழவர் காதில் பஞ்சு.

தேவகி அக்கா மட்டும் ஒரு வார்த்தை இல்லை. முகத்தில் தூக்கம் கெட்ட களைப்புகூட இல்லை. இவருக்குப் பகல் ஷிஃப்ட் என்பதால் விடியற்காலை மட்டும் உறுமுகிறார். "சொன்னேன்ல, பொட்டை வாங்குன்னு." உங்களுக்காக இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

தெருக்குழாயில் நான் போவதற்குள் தேவகி அக்காவின் குடமெல்லாம் நிரம்பிவிட்டன. நேற்றும் அப்படித்தான், முந்தாநாளும் அப்படித்தான். இத்தனை வருடம் முதல் குடம் என்னுடையது. என்ன நடக்கிறது?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மேகமூட்டம்.

பொறுக்க முடியாமல் நானே காலையில் சுவரோரம் போய் வாயைக் கிளறினேன். "தூக்கம் வருதாக்கா? சேவல் தொந்தரவா கீதா?"

"தொந்தரவா? உன் சேவலு புண்ணியத்துல தண்ணி வுடறப்பவே எந்திரிச்சிக்கிறேன்டி. அலாரம் வெச்சாக்கூட நான் எந்திரிக்க மாட்டேன்." சிரித்தாள். பிறகு குரலைத் தணித்தாள். "கொழுந்தனாரு தான் பாவம். நாளையிலேர்ந்து அவருக்கு நைட் டூட்டி இல்ல? பகல்ல எப்பிடித் தூங்குவாரு? அப்போ நைட் டூட்டில கீறப்போ ஒன்னு வெச்சிருந்தியே, அத்தயே தாங்காமத்தான புடிச்சாந்து குடுத்தாரு."

எனக்குப் புரியவில்லை. "யாரு? யாரு குடுத்தது?"

"உன் ஊட்டுக்காரரு தான். சனிக்கெயமை மத்தியானம். கால கட்டி எடுத்தாந்து, கோமளா தான் குடுக்கச் சொல்லிச்சி அண்ணி, கொயம்பு வெச்சிடுங்கன்னாரு. நான்கூட, ஆசையா வளத்தாளே, நெஜமாவான்னு கேட்டேன். நீயும் மறுநாளு சூப்பரா இருந்திச்சின்னு சொன்னியே. ஏன், உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அவள் முன்னால் என்னவென்று நிற்பது?

இரண்டு மாதமாகத் தினமும் அவளைச் சபித்திருக்கிறேன். அதற்கு மன்னிப்பு கேட்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம். கழுத்தை அறுத்தது அவள்தானே.

அந்த ஞாயிறு மதியம் இவர் குழம்பைத் தொடவே இல்லை. வயிறு சரியில்லை என்று மோர் ஊற்றிக்கொண்டார். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். காடையோ என்று நான் கேட்டதற்கு, "இருக்கும்" என்றார். இரண்டாவது தரம் ஊற்றியது நான் இல்லை. அவர்தான் கரண்டியை எடுத்து, "இன்னும் கொஞ்சம் ஊத்திக்கோ" என்று என் தட்டில் ஊற்றினார்.

தூக்கம் கெடுகிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் துரையை ரமணய்யா மாதிரி யாரிடமாவது விட்டிருப்பேன். சொல்லவில்லை. பிடித்துக் கொடுத்ததைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். நான் எலும்பை உறிஞ்சியதை உட்கார்ந்து பார்த்தாரே, அதை மறக்க முடியாது. பதினாறு வருடம் இந்த ஆளுக்குச் சோறு போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

தூறல். இவர் இரவு ஷிஃப்டுக்குக் கிளம்பினார். அத்திப்பட்டு அனல் மின் நிலைய வேன் தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்றேன், சாப்பாட்டுப் பையில் ஊறுகாய்கூட மறக்காமல் வைத்திருந்தேன். பிறகு கூண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தேன். செங்கல்லையும் எடுத்து வந்தேன். எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே நன்றாகப் பொருந்தியது. இடுப்பு வலி, பரவாயில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெயில் திரும்பிவிட்டது. எனக்கு மதிய ஷிஃப்ட், அதனால் வீட்டில்தான்.

எட்டரைக்கு வந்தார். கண்ணெல்லாம் கரித்தூள். குளித்தார், நாஷ்டாவுக்கு இட்லி ஆறு, சட்னி இரண்டு தரம். படுத்தார். மூன்று பேருக்கும் கம்பு போட்டேன், வயிறு நிறைந்தால் குரல் நன்றாக வரும்.

பெரியவன் ஆரம்பித்தான். நடுவில் உள்ளவன். கடைக்குட்டி. ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. மறுபடியும் மூவரும். ஃபேனைக் கூட்டி வைத்தார். மறுபடியும். நான் அடுக்களையில் உட்கார்ந்து பூண்டு உரித்தேன், நிதானமாக.

பத்து மணிக்குத் தலையணையோடு வந்து நின்றார். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"இத்த யாரு இங்க கொண்ணாந்து வெச்சது?"

"நான்தான்."

"அண்ணி செவுத்தாண்ட தான இருந்திச்சி?"

"அங்க வேணாம்."

"ஏன், அண்ணி எதுனா சொன்னாங்களா?"

"அக்கா எல்லாத்தையும் சொல்லிச்சி."

தலையணையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். ஏதாவது சொல்வார் என்று பூண்டு உரிப்பதை நிறுத்திப் பார்த்தேன். திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

ரமணய்யாவுக்கு போன் போட்டேன். சேவல் மிச்சம் இருக்கிறதா என்றேன். "ஆறு கீதும்மா, எடுக்க ஆள் இல்ல. ஏன், யாருக்குனா வேணுமா?"

"எங்க ஊட்டுக்காரருக்கு. ஆறையும் எடுத்து வைங்க."