கானாங்கோழிக் குஞ்சுகளின் தீனி

வைகாசி 9, வெள்ளி.

தேயிலைக்குள் தண்ணீர் வடியக் கான் வெட்டியவர்கள் கூட்டைக் கலைத்துவிட்டுப் போனதால் நான் எடுத்து வந்த கானாங்கோழிக் குஞ்சுகள் மூன்றும், இரண்டு நாட்களாக எதையும் தொடவில்லை. வீட்டுக் கோழிக்குப் போடுவதுபோல் தரையில் குருணை தூவியிருந்தேன். நாற்பது வருஷம் கோழி வளர்த்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று இருந்துவிட்டேன். காலையில் ஒன்று செத்துக் கிடந்தது.

தண்ணீர்க் குழாய்ச் சண்டைக்குப் பிறகு மூன்று வருஷமாக நான் பேசாத அடுத்த வீட்டுச் செல்லம்மா, மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிற வழியில் எட்டிப் பார்த்தாள்.

"ஏண்ணே, இது கொத்தித் திங்கிற கோழியா? தாய் வாயிலருந்து வாங்கித் திங்கிற சாதிண்ணே. இப்பிடியே வீம்பு புடிச்சா மிச்சத்தையும் பொதைக்கணும்."

அவளே விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை உருவி, நுனியில் மண்புழுத் துண்டைக் குத்தி, குஞ்சின் தலைக்கு மேல் ஆட்டினாள். அது எம்பிப் பிடுங்கியது. மற்றதும் ஓடி வந்தது.

குழாய் விஷயத்தில் நியாயம் இன்றும் என் பக்கம்தான். ஆனாலும் சாயங்காலம் அவள் திரும்பியபோது, "ரெண்டும் நல்லாத் தின்னுச்சு தங்கச்சி" என்று நானாகவே சொன்னேன்.

"அது தின்னுச்சு சரி. நீங்க தின்னீங்களா?"

ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து வைத்தாள். தட்டை நாளைக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.