மூடி போட்டும் எண்ணுகிறது

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் கல்லூரி ஒளியுணரிக்கு ஒரு குணம். ஒரே ஒரு ஒளித்துகள் வந்து விழுந்தாலும் எண்ணிவிடும்; உடனே 45 நானோநொடி கண்ணை மூடிக்கொள்ளும். அதற்குள் வருகிற துகளுக்குக் கணக்கில்லை. அரசு வேலைக்கு எல்லாத் தகுதியும் உண்டு. அந்தத் தூக்கத்தைக் குறைக்கத்தான் என் ஆய்வு மாணவி சுதா நான்கு வருடமாகப் போராடுகிறாள். ஜூன் 30-க்குள் ஆய்வேட்டைத் தாக்கல் செய்தாக வேண்டும். மூன்று நீட்டிப்பு வாங்கியாயிற்று. நான்காவது கிடையாது.

ஜூன் 11

12 நானோநொடி! சுதா அழுதாள். நானும், ஏறக்குறைய.

ஜூன் 13

துறைத் தலைவர் ஏகாம்பரம் உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார். '12' சின்னதாக, அவர் முகம் பெரிதாக. இன்னும் சரிபார்க்கவே இல்லை — யாரிடம் சொல்வது?

ஜூன் 16

ஒளியுணரிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஆய்வக உதவியாளர் முனியன் கேட்டார்: "இன்னா சார் இது, மூடி போட்டுக் கீது, அப்பவும் எண்ணிக்கினே கீது?"

இருட்டிலும் சூட்டாலும் கசிகிற வெளிச்சத்தாலும் நொடிக்கு 200 காட்டுவது வழக்கம்; இப்போது 9,000 காட்டுகிறது. அவசரமாக எழுப்பியதில், முந்தைய துகள் விட்டுப்போன மின்னூட்டத்தையே புதுத் துகள் என்று எண்ணுகிறது. ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்து ஓட்டுப் போடுகிற மாதிரி. அதுவும் குடவோலைக் கல்வெட்டு இருக்கிற ஊரில்! சந்தோஷத்தில் மூடி போட்டுப் பார்க்கவே மறந்திருக்கிறோம். ச்சே.

ஜூன் 17

ஏகாம்பரம்: "யோவ் பாலா, மூடி போட்டு எவன்யா பாக்கப் போறான்? கையெழுத்தப் போடு. அந்தப் பொண்ணு வாழ்க்கைல வெளையாடாத."

கடைசி வாக்கியம்தான் உறுத்துகிறது. போட்டுத் தொலைக்கலாமா?

ஜூன் 18

சுதாவிடம் சொன்னேன். "பன்னெண்டுன்னு எழுதிட்டு ஆயுசுக்கும் மூடியப் பாத்து பயந்துக்கினு இருக்கணுமா? பேஜாரு சார். மறுபடி அளக்கலாம்."

ஜூன் 24

மின்வெட்டு. நான்கு நாள் அளந்தது போயிற்று. யாரைத் திட்டுவது?

ஜூன் 27

31 நானோநொடி. மூடி போட்டுப் பார்த்தோம். மூன்று முறை. முனியன் நம்பாமல் நான்காவது முறையும் போட்டுப் பார்த்தார். இருட்டில் 210தான்.

ஜூன் 30

சுதா 31 என்றே தாக்கல் செய்துவிட்டாள். என் கையெழுத்தோடு. ஏகாம்பரம் என்னோடு பேசுவதில்லை. இந்த மாதத்தின் இரண்டாவது முன்னேற்றம். ஃபிளெக்ஸை இறக்கிவிட்டார்கள். பின்பக்கம் நல்ல கறுப்பு. வீணாக்குவானேன் என்று முனியன் அதை ஒளியுணரிப் பெட்டிமேல் சுற்றிவிட்டார், முகம் உட்பக்கமாக.

இருட்டில் இப்போது 180.