முதல் இரண்டு சீசனும் நான் சொன்ன பொய்யும்

குராய்டன்
மார்ச் 3

அன்புள்ள ப்ரையனி,

இங்கே நானும், உன் அறையில் வாடகைக்கு இருக்கும் லெனார்டும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வெலிங்டனில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன ஞாயிறு ஃபோனில், பள்ளிக்கூட வேலையை இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போடவா, ஊருக்கே வந்துவிடவா என்று கேட்டாய். உன் இஷ்டம்மா, எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை என்றேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், எப்படித் தொடங்குவது என்று தெரியாததால் முதலில் மற்ற சேதி.

நீ விட்டுப்போன டிஸ்க்குகளை லெனார்டோடு உட்கார்ந்து பார்த்தேன், அதுதான் ஒரே ஃபிளாட்டில் குடியிருந்து ஒருவன் மானத்தை ஒருவன் வாங்கும் அந்த இரண்டு ஆண்களின் தொடர். முதல் இரண்டு சீசனும் முடிந்தது. மூன்றாவதில் பாதியோடு நிறுத்திவிட்டேன், நீ சொன்னது சரிதான், காசில்லாமல் ஒரே இருட்டு அறையில் எடுத்த ஆரம்பம்தான் அசல். செத்தவரை எனக்குத் தெரியாது என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லக் கூச்சப்பட்டு, முன்பின் பார்க்காதவரின் சவ அடக்கத்துக்குப் போய் இரங்கல் உரையே ஆற்றுகிறானே ஒருவன், அதை முகத்தில் குஷனை வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். தாங்காத இடம் வரும்போதெல்லாம் டீ போடுகிறேன் என்று சமையலறைக்கு ஓடிவிடுவேன். அன்றைக்கு மட்டும் நாலு டீ, லெனார்டுக்கும் சேர்த்து.

சனிக்கிழமை லெனார்டின் அக்கா டோரீன் ஹேஸ்டிங்ஸிலிருந்து வந்தார். நான் வழக்கம்போல் லெனார்ட் கோப்பையில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டேன். "என்னங்க இது, இவன் பொறந்ததிலேருந்து டீயில சர்க்கரையே போட்டதில்லையே!" என்றார் அந்தம்மா. உன் அறைக்குக் குடிவந்த முதல் நாள் நான் கேட்காமலே போட்டுக் கொடுத்திருக்கிறேன், வேண்டாம் என்பது மரியாதையில்லை என்று எட்டு மாதமாகக் குடித்திருக்கிறார் மனுஷர். நான் மன்னிப்புக் கேட்டேன், அவர் மன்னிப்புக் கேட்டார், எதற்கென்று தெரியாமல் டோரீனும் கேட்டார். பிறகு லெனார்ட் தயங்கித் தயங்கி, "அந்தத் தொடரும் எனக்குப் பிடிக்கலீங்க. நீங்க பொண்ண நெனச்சிக்கிட்டுப் பாக்குறீங்க, தனியா விட மனசு வரல" என்றார். டோரீன் விடவில்லை. "பஸ் ஓட்டுன ஆளுக்கு வாயத் தொறந்து நிறுத்துன்னு சொல்லத் தெரியலியே!"

எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன், கெட்டில் வைக்கப் போன இடத்தில் அழுதுவிட்டேன். உன்னிடம் நான் சொன்னதும் இந்த ரகம்தான். எனக்குக் குறை இருக்கிறது, ப்ரையனி. நீ இல்லாததுதான் குறை. நீ வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அங்கேயே இருக்க உனக்குப் பிடித்திருந்தால் இரு, கோபமே இல்லை, ஆனால் அப்பா நன்றாகத்தான் இருக்கிறார் என்று நினைத்துக் கையெழுத்துப் போடாதே. நீ வந்தால் சின்ன அறைக்கு மாறிக்கொள்வதில் லெனார்டுக்கு நிஜமாகவே சம்மதம், மூன்று முறை கேட்டுவிட்டேன்.

கடவுள் உன்னைக் காக்கட்டும். அங்கே குளிர் தொடங்கப்போகிறது, கம்பளிச் சட்டையை எடுத்து வெயிலில் போடு. இதைப் படித்ததும் நீ ஃபோன் செய்வாய், நிஜமாகவா அப்பா என்று கேட்பாய், நான் மறுபடியும் உன் இஷ்டம்மா என்றுதான் சொல்வேன். அதை நம்பாதே.

உன் அன்பு அப்பா,
க்ளிஃபர்ட்