முப்பது மில்லி ஆம்பியருக்கு நடந்த நேர்காணல்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு, அம்மா எழுதுவது. நீ அங்கே நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், வாஷிங் மெஷினோடுதான் எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. போன மாதம் ஈரக்கையோடு அதன் மூடியைத் தொட்டேன், தூக்கிப் போட்டதில் எதிர்ச் சுவரில் போய் மோதினேன். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது, பயப்படாதே, கை தூக்க முடிகிறது. எலக்ட்ரீசியன் வந்து பியூஸ் பெட்டியைத் திறந்தவர் வாயையும் திறந்தபடியே நின்றார். அடிக்கடி போகிறதே என்று உன் அப்பா பியூஸ் கட்டையில் துணி காயப்போடும் கம்பி அளவுக்குத் தடியான கம்பியைச் சுற்றி வைத்திருக்கிறார், பன்னிரண்டு வருஷமாக! பெட்டியை முழுசாக மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லி, மறுநாள் ஆபத்து என்றால் தானாகவே அணைகிற சுவிட்சுகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து வைத்தார்.

உனக்குத்தான் தெரியுமே, உன் அப்பா முப்பத்திரண்டு வருஷம் ஆபீஸில் ஆள் எடுத்த மனுஷன். பார்த்ததும் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. இஸ்திரி போட்ட சட்டை, கோப்பு, சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் நாற்காலி. சுவிட்சுகளைக் கூடத்து சோபாவில் வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொன்றாக உள்ளே அனுப்பும் வேலை எனக்கு. அவற்றின் சார்பில் எலக்ட்ரீசியன் பதில் சொல்ல வேண்டுமாம். எந்த நிலைமையில் வேலையை விட்டுப் போவாய் என்பதுதான் எல்லாருக்கும் முதல் கேள்வி. பத்து ஆம்பியருக்காக அவர், பத்தைத் தாண்டிக் கொஞ்ச நேரம் இழுத்தா போயிடும்யா என்றார். பொறுமை போதாது என்று எழுதி அப்பா அதை அனுப்பிவிட்டார். பதினாறும் இருபதும் அதே கதிதான். அறுபத்துமூன்று வந்தது. அது லேசுல போகாது என்றதும் அப்பா எழுந்து நின்று அதைக் கையில் வாங்கிக்கொண்டார். எட்டு இடத்துக்கும் இவனையே போடு என்றார். எலக்ட்ரீசியன் தலையில் கை வைத்துக்கொண்டார். லைட்டுக்குப் போற ஒயர் மெல்லிசுய்யா, அதுக்கு மேல இவனை உட்கார வச்சா ஒயர் எரிஞ்சு வீடு பத்திக்கும், இவன் அசையாம நின்னு பாத்துக்கிட்டே இருப்பான் என்றார். அதுதான்யா விசுவாசம் என்றார் உன் அப்பா. நான் எங்கே போய் முட்டிக்கொள்வது.

கடைசியாக வந்தது அந்த முப்பது மில்லி ஆம்பியர், மின்கசிவைப் பார்க்கிற சுவிட்ச். ஓர் ஆம்பியரை ஆயிரம் பங்கு போட்டால் அதில் முப்பது பங்கு, அவ்வளவு கரண்ட் வழி தவறிப் போனாலே இது கண் இமைக்கும் நேரத்தில் வேலையை விட்டுவிடும் என்றார் எலக்ட்ரீசியன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு அற்ப விஷயத்துக்கெல்லாம் ஒருத்தன் வேலையை விடுவானா என்று கேட்டார். அந்தக் குரலை நீயும் கேட்டிருக்கிறாய். எலக்ட்ரீசியனுக்கும் பொறுமை போய்விட்டது. அந்த அற்ப விஷயம் போறது மனுஷன் உடம்பு வழியாத்தான்யா, இவன் அன்னைக்கு இங்க இருந்திருந்தா அம்மா சுவத்துல போய் மோதியிருக்க மாட்டாங்க என்றார். அப்பா என் தோள்பட்டையைப் பார்த்தார். கோப்பை மூடினார். பிறகு விண்ணப்பதாரர் வெளியே காத்திருக்கட்டும் என்றார். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன், இரண்டு பேருக்கும் ஒரே படபடப்பு.

அரை மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். சுவிட்சைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த ஆபீஸில் பாப்பாவை எதில் கையெழுத்துப் போடச் சொன்னாங்க என்று கேட்டார். நீ வேலையை விட்ட இந்த மூன்று மாதத்தில் அவர் உன் போனுக்கே வரவில்லை, இதையும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. சோதித்தே பார்க்காத ஆஸ்பத்திரி லிஃப்டைச் சோதித்ததாக ஒரு சான்றிதழில், மாட்டேன் என்றுதான் வேலையை விட்டாள் என்று சொன்னேன். சரி என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் எல்லாம் மாட்டியாயிற்று. லைட்டுக்குப் பத்து, பிளக்குக்குப் பதினாறு, ஹீட்டருக்கு இருபது, எல்லாருக்கும் மேலே அந்த முப்பது. அதில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு, எப்போதாவது அழுத்திப் பார்த்தால் போதும். உன் அப்பா தினமும் காலை பத்து மணிக்கு அழுத்தி, வீடு மொத்தமும் அணைந்ததும், வந்துட்டான் என்று கோப்பில் வருகை குறிக்கிறார். பிரிட்ஜ்தான் பாவம்.

அந்தக் கோப்பிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, இதையும் வச்சு அனுப்பு என்று கொடுத்தார், இத்துடன் இருக்கிறது. விலக வேண்டிய நேரத்தில் விலகத் தெரிந்தவர், தேர்வு செய்யப்பட்டார் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். சுவிட்சுக்கு எழுதியது என்றுதான் முதலில் நினைத்தேன், மேலே உன் பெயர் இருக்கிறது. படித்துவிட்டு நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

நல்ல வேலை கிடைத்து, நீ நினைத்தபடி நிமிர்ந்து வாழ வேண்டும் கண்ணே. ஈரக்கையோடு எதையும் தொடாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, பத்து மணிக்கு மட்டும் வேண்டாம், அப்போது வீட்டில் கரண்ட் இருக்காது. பத்தே காலுக்குக் கூப்பிடு. போனை அவர்தான் எடுப்பாராம்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா