பார்க்காமல் திருத்திய ஜிபிஎஸ்

ஜனவரி 5, திங்கள்
வாடைக் காற்று. கடைக்குள் மணல், இரண்டு தரம் கூட்டினேன். கற்பிட்டியில் போன் திருத்தும் கடை திறந்து மூன்றாம் வாரம். வந்தவர்கள் நால்வர். இருவருக்குக் கவர் மட்டும். ஒருவர் எட்டிப் பார்த்து, “முதலாளி இல்லயா தங்கச்சி?”
“நான்தான் முதலாளி.”
“அப்ப பொறகு வாறன்.”
நாலாமவர் அதுவும் கேட்கவில்லை.
கவனித்தது: கூலி எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. என்னைப் பார்த்ததும் போய்விடுகிறார்கள். விலையைக் குறைத்துப் பயனில்லை.
இந்த மாதத்தோடு மூடிவிடலாம் என்கிறார் வாப்பா.

ஜனவரி 6, செவ்வாய்
வெயில். வேலை மேசையைத் தெருப் பக்கம் திருப்பினேன். திருத்துவதை எல்லோரும் பார்க்கட்டும். நின்று பார்த்தார்கள். ஒருவரும் போனைத் தரவில்லை. மத்தியானம் பாணும் பருப்பும்.

ஜனவரி 7, புதன்
மாம்புரியிலிருந்து சித்தீக் நானா. சொந்தப் போட்டில் கடலுக்குப் போகிறவர். பைக்குள் ஜிபிஎஸ் கருவி, உப்புத் தண்ணீர் புகுந்து செத்தது. மேசையில் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டே கேட்டார்:
“தங்கச்சி, உங்கட குடும்பத்துல கடலுக்குப் போறவங்க ஆராச்சும் இரிக்காங்களா?”
“இல்ல நானா. வாப்பா உப்பளத்துல.”
“மச்சான்மார்?”
“ஒருத்தரும் இல்ல.”
பிறகுதான் கருவி மேசைக்கு வந்தது. மீன் கிடைக்கும் இடங்களெல்லாம் அதில். இருபது வருடக் குறிப்பு. பெண்சாதிக்கும் சொன்னதில்லையாம். மற்றக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் கடலில் சொந்தக்காரர்கள்.
ஆக, அவர் தேடி வந்தது வாயை மூடிக்கொள்ளும் ஆளை!

ஜனவரி 8, வியாழன்
உள்ளே உப்பு பச்சையாகப் பூத்திருந்தது. ஸ்பிரிட், பழைய பல் பிரஷ், இரண்டு மணி நேரம். இற்றுப்போன வயருக்குப் புதிதாக ஈயம். சித்தீக் நானா எதிரிலேயே இருந்தார். லுஹர் தொழுகைக்கு மட்டும் எழும்பிப் போய் வந்தார்.
“கரண்ட் குடுக்கப் போறன் நானா.”
“நீங்க அங்கால திரும்புங்க.”
சுவரைப் பார்த்துக்கொண்டே சுவிட்சைப் போட்டேன். பீப். பிறகு ஒரு சத்தமுமில்லை.
“அல்ஹம்துலில்லாஹ்! எல்லாம் இரிக்கு! ஒண்டும் போகல்ல!”
தெருவுக்கே கேட்டிருக்கும். நான் சுவரைப் பார்த்தபடியே சிரித்தேன்.

ஜனவரி 10, சனி
சித்தீக் நானா துறை முழுக்கச் சொல்லியிருக்கிறார், அது வீடுகளுக்கும் போயிருக்கிறது: “அந்தப் புள்ள திரும்பியும் பாக்கல்ல.”
ஏழு பேர் வந்தார்கள். ஐவர் பெண்கள்! ஒரு டீச்சர், மாதக்கணக்காக உடைந்த போனோடு: “ஆம்புளகள்ட கடையில குடுக்கப் பயம். போட்டோவெல்லாம் கெடக்கு.” இத்தனை பேர் இந்த ஊரிலேயே இருந்திருக்கிறார்கள். எனக்குத்தான் தெரியவில்லை. போர்டில் இன்னொரு வரி எழுதவேண்டும்: உங்கள் முன்னாலேயே திருத்தித் தரப்படும்.
வாப்பா பிளேன்டீ கொண்டுவந்தார். கூட்டத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றார். கடையை மூடும் கதையே இல்லை.

ஜனவரி 12, திங்கள்
மழைத் தூறல். ஒரே நேரத்தில் மூன்று போட்காரர்கள், மூன்று ஜிபிஎஸ். முதலாவது தயார். சுவிட்சில் கை வைத்தேன். அதன் சொந்தக்காரர் தடுத்தார்:
“இவனுகள் நிக்கிற நேரம் வேணாம் தங்கச்சி.”
“அப்ப மத்த ரெண்டு பேரும் வெளிய போங்க.”
போனார்கள். செருப்பைக்கூடப் போடாமல்.