புகையோடு போன சூடு

இன்று காலை எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு டேங்கர் லாரியைக் கடந்தபோது உலையில் எரிக்கும் பர்னஸ் ஆயில் வாடை மூக்கில் ஏறியது. வண்டியை ஓரம்கட்டி நின்றுவிட்டேன். நீ போன பிறகு எத்தனையோ மறந்துபோனது. அந்த வாடையில் மட்டும் நீ இன்னும் பக்கத்தில் நிற்கிறாய்.

வியாசர்பாடியில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் நாம். திருவொற்றியூரில், இரும்பைக் காய்ச்சி அடித்து உருக்கொடுக்கும் ஆலையில், நான் உலை ஓட்டினேன். நீ பராமரிப்பு இன்ஜினியர். எண்ணெய்ச் செலவு கட்டுப்படியாகவில்லை, பெரிய உலையை நிறுத்தப்போகிறேன் என்று முதலாளி சொன்ன அன்று நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். நீ புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தாய்.

"பாதி எண்ணெய வானத்துக்குத்தான் எரிச்சிகினு கீறோம் மாமு."

வெளியேறும் புகையின் பாதையில் குழாய்களை நிறுத்தி, உலைக்குள் போகும் காற்றை அவற்றின் வழியே அனுப்பினால், போகிற சூடே வருகிற காற்றைக் காய்ச்சிவிடும் என்று முதலாளிக்கு விளக்கினாய். அரை மனதோடு சம்மதித்தார். முதலில் வைத்த குழாய்கள் சில நாட்களிலேயே விரிசல் விட்டன. போதும் என்றார். உலை ஆறியதும் நீ புகைப்பாதைக்குள் தவழ்ந்து போய், முகமெல்லாம் கரியோடு வெளியே வந்தாய். சூட்டில் குழாய் நீளும், அதற்கு நான்தான் இடம் விடவில்லை என்றாய். இன்னொரு முறைக்காக அவரிடம் மன்றாடினாய்.

மறுபடி பற்றவைத்த காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. எப்போதும் மஞ்சளாகப் புகைந்து திணறும் தழல், காற்று சூடேறச் சூடேற வெளுத்துக் கூர்மையானது. எண்ணெயைக் குறைக்கச் சொன்னாய். நீ போதும் என்கிறவரை பயந்துகொண்டே வால்வைத் திருகினேன். உலையின் சூடு இறங்கவில்லை. டீ வருவதற்குள் இரும்பு கனிந்து ஒளிர்ந்தது. சம்மட்டி மெஷின்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து, ஒவ்வொருவராக உலைக் கதவின் பார்வைத் துளை வழியே பார்த்தார்கள். கடைசியாக நீ குனிந்து பார்த்தாய்.

"போன சூடு திரும்பி வந்துகீது பாரு," என்று மெல்லச் சொன்னாய். கோயிலில்கூட உன் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

பெரிய உலை நிற்கவில்லை. யாருக்கும் வேலை போகவில்லை. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு நீ கிடந்தபோது, உலை ஓடுகிறதா என்று சைகையால் கேட்டாய். ஓடுகிறது என்றேன். கண்ணை மூடிச் சிரித்தாய்.

இப்போதும் ஓடுகிறது. தினமும் நான்தான் பற்றவைக்கிறேன். எண்ணெய் வால்வைத் திறக்கும் என் கை, அன்று நீ போதும் என்ற இடத்தில் தானாக நின்றுவிடுகிறது.